பன்னிரண்டு லட்சத்துக்கு நான்கு வழி: பிட்காயினா, வங்கியா, தங்கமா?

பள்ளத்தூரில் என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டை இந்தத் தை மாதம் விற்றார்கள். எங்கள் வழக்கில் அக்காவை ஆச்சி என்போம். பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பங்களுக்கு, பொதுவான வீடு. மராமத்துச் செலவை யார் போடுவது என்று பேசியே இருபது வருடம் ஓடிவிட்டது. வளவுத் தூண்களில் நாலைந்து ஏற்கெனவே காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டன. வரியெல்லாம் போக ஆச்சியின் பங்காக 12 லட்சம் வந்தது. அத்தான் இல்லை. என்ன செய்வதென்று முடிவு செய்யும் பொறுப்பு சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் மகன் தலையில்.

படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) ஊருக்கு வந்தவன் என்னைப் பட்டாலையில் உட்காரவைத்துச் சொன்னான்: "அம்மான், மொத்தத்தையும் பிட்காயின்ல போட்டு என் கையிலயே வச்சுக்கப் போறேன். பேங்க் தொட முடியாது, கவர்மெண்டும் தொட முடியாது. இதுதான் சுதந்திரம்."

நான் காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். பிட்காயின் போன்ற கிரிப்டோ (கணினிவழி நாணயங்கள்) வைத்திருப்பவர்களின் வருமான வரிப் படிவத்தைக் கடந்த நாலு வருடமாக நானே நிரப்புகிறேன். ஆனாலும் அவன் சொன்னதை உடனே மறுக்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு 100 கியாட் நோட்டுகள். ஜெனரல் ஆங் சான் படம் போட்ட, மடிப்புக்கூட விழாத நோட்டுகள். 1964 மே மாதம் பர்மா அரசு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. அந்தக் கட்டு எங்கள் ஐயா (தாத்தா) அங்கே இருபது வருடத்துக்கு மேல் உழைத்த உழைப்பில் ஒரு பகுதி. கப்பலில் வந்து இறங்கியபோது அவரிடம் மிச்சம் இருந்தது இந்தக் கட்டும், இரண்டு பேரேடும், இடுப்பில் சுற்றிய வேட்டி மடிப்பில் தைத்து வைத்த சில பவுன் காசுகளும்தான். ஊர் வந்து சேர்ந்ததும் அரிசி வாங்க உதவியவை அந்தப் பவுன் காசுகள்.

ஆகவே, பணத்தின் மேல் அரசுக்கு உள்ள பிடியைக் கண்டு பயப்படுகிறவனை விவரம் தெரியாத பிள்ளை என்று செட்டிநாட்டில் யாரும் சொல்லிவிட முடியாது. பர்மாவில் 1987 செப்டம்பரில் மறுபடியும் 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கினார்கள். நம் நாட்டில் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார்கள். 1968இல் அது தனிச் சட்டமாகி, 1990இல்தான் நீங்கியது. 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையான 14 வங்கிகளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறக்கப்பட்ட வங்கி அது. 2016 நவம்பர் 8 இரவு எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த நாள் எங்கள் அப்பத்தா சாமி அறை மஞ்சள் பையிலிருந்து 500 ரூபாய் நோட்டுகளாக 34,000 எடுத்து என் கையில் கொடுத்தார். அப்படி ஒரு தொகை வீட்டில் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் மருமகனிடம், அதாவது ஆச்சி மகனிடம், சொன்னேன். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1937-38க்குள் அது 25 விழுக்காடு ஆனது. நம்மவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியதல்ல. நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. ஆனால் அந்த நிலத்தை உழுது வந்த பர்மிய விவசாயிக்கு அந்த விளக்கம் எதற்கு? 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தபோது ஐயா இழந்ததை அவன் திரும்பப் பெற்றதாக நினைத்திருப்பான். ஒருவன் சுதந்திரம் என்பதை இன்னொருவன் சுமை என்பான். கட்டுப்பாடே இல்லாத பணம் எல்லோருக்கும் நல்லது என்று நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

ஐயா காலத்துக் கொடுக்கல் வாங்கல் தொழிலும் கட்டுப்பாடு இல்லாமல் நடந்ததல்ல. மாதம் ஒருமுறை ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். ஒருவர் எழுதிய உண்டியலுக்கு (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுக்கு) இன்னொரு ஊரில் பணம் கொடுத்தார்கள் என்றால், எழுதியவரின் விலாசத்துக்கு, அதாவது தொழில் பெயருக்கு, இருந்த மதிப்புதான் காரணம். வாக்குத் தவறியவன் வீட்டில் சம்பந்தம் செய்ய ஆள் வராது. அரசு எழுதிய சட்டம் இல்லாத இடத்தில் ஊர் எழுதாத சட்டம் இருந்தது. பிட்காயின் அந்த ஊரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கணிதத்தை வைக்கிறது. பிட்காயினை அறிமுகப்படுத்தி 2008 அக்டோபர் 31 அன்று வெளியான ஒன்பது பக்கக் கட்டுரையின் சாரம் அதுதான்: யாரையும் நம்பத் தேவையில்லை, கணக்கை எல்லோரும் சரிபார்க்கலாம். ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போட்டு வளர்ந்த எனக்கு அந்த எண்ணம் இன்றும் அழகாகத்தான் தெரிகிறது.

இனி அவன் முன் இருந்த வழிகள்.

முதல் வழி அவனே சொன்னது. 12 லட்சத்துக்கும் பிட்காயின் வாங்கி, சொந்த வாலட்டில் (காயினைக் காக்கும் செயலி அல்லது கருவி), தன் சாவியோடு (கடவுச்சொல் போன்ற ரகசியம்) வைத்துக்கொள்வது. இதன் பலம் உண்மையானது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காயின்களுக்கு மேல் வராது. எந்த அமைச்சரவையும் ஒரே இரவில் கூடுதலாக அச்சடித்துவிட முடியாது. வாலட்டை மீட்கும் 24 சொற்களை மனதில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு எல்லை தாண்டலாம். 1942இல் இம்பால் வழியே நடந்து வந்தவர்களுக்கு அப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த நினைப்பே நெஞ்சை என்னவோ செய்கிறது.

ஆனால் விலையைப் பாருங்கள். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறக்குறைய 69,000 டாலர். சரியாக ஒரு வருடத்தில் 16,000 டாலருக்கும் கீழே. 2025 அக்டோபரில் 1,25,000 டாலரைத் தாண்டியது. காத்திருக்க முடிந்தவனுக்கு லாபம். காத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஆச்சிக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது 2022 நவம்பர் மாதிரியான ஒரு மாதத்தில் வந்தால், 12 லட்சம் மூன்று லட்சத்துக்கும் கீழே நிற்கும்போது விற்க வேண்டிவரும். அரசின் பிடியிலிருந்து தப்பி விலையின் பிடியில் மாட்டிக்கொண்டவனைச் சுதந்திரமானவன் என்று நான் சொல்லமாட்டேன்.

"கவர்மெண்ட் தொட முடியாது" என்பதும் பாதிதான் உண்மை. வாலட்டில் இருக்கும்வரை சரி. அதைக் காரைக்குடிச் சந்தையில் அரிசியாக மாற்ற வேண்டுமென்றால் ரூபாய் ஆகவேண்டும், ரூபாய் வங்கி வழியாகத்தான் வரும், வங்கியில் பான் எண் இருக்கிறது. கதவு உள்ளே பூட்டியிருக்கிறது, வாசலில் அரசு நிற்கிறது.

இரண்டாவது வழி, மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த இந்தியத் தளத்தில் (காயின் வாங்கி விற்கும் இணையச் சந்தையில்) வாங்கி அங்கேயே விட்டுவைப்பது. பலருக்கு இன்னும் கிரிப்டோ இங்கே சட்டவிரோதம் என்றொரு எண்ணம். இல்லை. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, அந்த வரியின்மேல் 4 விழுக்காடு செஸ் என்ற கூடுதல் வரி. 2022 ஜூலையிலிருந்து விற்கும் தொகையில் 1 விழுக்காடு டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி. 2023 மார்ச்சில் இந்தத் தளங்களைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். வாங்கலாம், விற்கலாம், ஆனால் செல்லுபடியாகும் நாணயம் அல்ல. நிலைமை இவ்வளவுதான்.

வரியில் பெரும்பாலோர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. ஒரு காயினில் 1,00,000 லாபம், இன்னொன்றில் 80,000 நட்டம் என்று வையுங்கள். கையில் நின்றது 20,000. ஆனால் நட்டத்தைக் கழிக்கச் சட்டம் விடுவதில்லை. வரி முழு 1,00,000க்கும்: 30,000, செஸ் சேர்த்து 31,200. லாபம் பார்த்த வருடத்தில் 11,200 கைப்பணம் போகும். போன ஜூலையில் ஓர் இளைஞனிடம் இதைச் சொன்னபோது அவன் என் கால்குலேட்டரை வாங்கித் தானே மூன்று முறை போட்டுப் பார்த்தான். ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்குவதும் விற்பனைதான். அதற்கும் வரி உண்டு. அடிக்கடி வாங்கி விற்பவனை இந்தச் சட்டம் உருக்கிவிடும். வாங்கிவிட்டு வருடக்கணக்கில் தொடாதவனை அவ்வளவாகப் பாதிக்காது. இந்த நட்டக் கணக்கு அநியாயம் என்பது என் கருத்து. பங்குச் சந்தையில் நட்டத்தைக் கழிக்க விடும் அரசு, இங்கே விடாததற்குக் கணக்கு எழுதுகிறவன் ஏற்கும்படியான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பதிவு செய்த தளம் என்பதால் பத்திரம் என்றும் ஆகிவிடாது. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து ஏறக்குறைய 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோயின. வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் எதையும் எடுக்க முடியவில்லை. அந்தத் தளத்தில் எக்ஸ்ஆர்பி என்ற காயினை வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். திருடுபோனவை வேறு வகைக் காயின்கள், என்னுடையவை அல்ல என்பது அவர் வாதம். 2025 அக்டோபரில் நீதிமன்றம், கிரிப்டோ ஒரு சொத்து, பிறர் பொறுப்பில் ஒப்படைத்து வைக்கத்தக்க சொத்து என்று தீர்ப்பளித்தது. மருமகனுக்கு இதை இரண்டு முறை சொன்னேன். அரசு கண்ணில் படாத பணத்துக்காக யாரும் நீதிமன்றப் படியேற முடியாது. வரி கட்டி, பெயர் பதிந்து வாங்கியவருக்குத்தான் அந்தப் படி இருக்கிறது. பதிவுக்குக் கிடைக்கும் கூலி அது.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் என்ற வங்கி நிறுவனம் திவாலானபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அந்த அடியிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதில் நம்மவர்கள் பங்கும் இருந்தது. பிறர் கையில் கொடுத்த பணம் பிறர் கணக்கில்தான் நிற்கும் என்ற பாடம் நூறு வருடத்துக்கு மேல் பழசு.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. டெலிகிராமில் ஆள் பிடித்து, வங்கிக்கு வங்கி பணம் அனுப்பி யுஎஸ்டிடி (டாலர் மதிப்போடு இணைத்த காயின்) வாங்கி, வரியில்லாமல் வெளிநாட்டுத் தளத்தில் வைப்பது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஒரு ஜவுளிக்காரர் மகன் இப்படி 1,40,000 ரூபாய்க்கு விற்றான். அவனுக்கு வந்த பணம் வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம். சைபர் போலீஸ் கடிதம் வந்து அவன் கணக்கு முடங்கியது. அதே கணக்கில்தான் கடையின் பணமும். தீபாவளி கொள்முதல் நேரத்தில் நாலு மாதம் அவர் அப்பா வெளியில் வட்டிக்கு வாங்கினார். அந்தப் பையன் திருடனல்ல. யாரிடம் வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கியவன். உண்டியல் தொழிலில் எதிராளியின் விலாசம் தெரியாமல் ஒரு தாள்கூட ஏற்கமாட்டார்கள். இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று சொந்தக் காயின் விற்கும் கூட்டங்களையும் இந்த வழியிலேயே சேர்த்துத் தள்ளிவிடுங்கள்.

நாலாவது, வங்கியும் தங்கமும். வங்கியில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு, அசலும் வட்டியும் சேர்த்து. 2020 பிப்ரவரியிலிருந்து அந்த வரம்பு. ஆகவே 12 லட்சத்தையும் ஒரே வங்கியில் போடுவது தவறு. வட்டிக்கு வரியும் போய், விலைவாசியும் தின்றபின் வளர்ச்சி சொற்பம். ஆனால் மருத்துவமனை பணம் கேட்கும் நாளில் கேட்ட தொகை கேட்ட நாளில் வரும்.

தங்கத்தைப் பற்றி ஆச்சிமார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணுக்குக் கழுத்திரு என்ற தங்கத் திருமாங்கல்யம் செய்து போட்டு அனுப்பிய ஊர் இது. காரைக்குடி செக்காலை ரோட்டில் நுழைந்தால் ஒரு மணி நேரத்தில் நகைக்கடன் கிடைக்கும். சாவிச்சொல் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஆச்சியே தனியாகப் போய் வாங்கி வரலாம். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி. கிரிப்டோவின் 30ஐ இதோடு வைத்துப் பாருங்கள். ஆனால் நகையாக வாங்கினால் கூலி, சேதாரம் போகும். சேமிப்புக்கென்றால் காசாகவே வாங்க வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் மின்னணு ரூபாயைப் பற்றியும் கேட்டான். 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களுக்கான சோதனை நடக்கிறது. அது ரூபாயேதான். செலவழிக்கலாம். சேர்த்து வைத்து வளர்க்க அதில் ஒன்றுமில்லை.

சாயங்காலம் வரை பேசினோம். நான் சொன்ன பிரிப்பு: இரண்டு வங்கிகளில் நாலு நாலு லட்சம், ஆச்சி பெயரில், மகனை நாமினியாகப் போட்டு. 3 லட்சத்துக்குத் தங்கக் காசு. மிச்சம் 1 லட்சம் பிட்காயின். அவன் நாலு லட்சம் கேட்டான். கடைசியில் தங்கத்தில் ஒன்றைக் குறைத்து பிட்காயினுக்கு 2 லட்சம் என்று ஒத்துக்கொண்டேன். முழுவதும் போனாலும் ஆச்சியின் முழங்காலுக்கும் வீட்டுச் செலவுக்கும் குறை வராத தொகை அது. வாங்கும் இடம் பதிவு செய்த தளம். வைக்கும் இடம் அவனுடைய சொந்த வாலட். இரண்டு வழிகளிலும் உள்ள நல்லதை எடுத்துக்கொண்டோம். வரிக் கணக்கு சுத்தம், சாவி நம் கையில். தன் வாலட்டுக்குத் தானே மாற்றுவது விற்பனை ஆகாது. ஆனால் வாங்கிய தேதி, விலை, மாற்றிய தேதி மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். சில தளங்களில் காயினை வெளியே எடுக்கவே வழியிருக்காது. பணம் போடுவதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். அவன் இல்லாமல் ஆச்சி அந்த வாலட்டைத் திறந்து காட்ட வேண்டும். வங்கிக்கு நாமினி உண்டு, தங்கத்துக்குப் பெட்டகச் சாவி உண்டு. 24 சொற்கள் ஒருவன் தலைக்குள் மட்டும் இருந்தால், அவனுக்கு ஒன்று ஆகும் நாளில் அந்தப் பணத்தை மீட்டுத் தர உலகத்தில் எந்த அதிகாரியும் இல்லை. அதிகாரி இல்லாததுதானே அதன் பெருமை.

மறுவாரம் 500 ரூபாய்க்கு மட்டும் வாங்கி வாலட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தான். அந்தச் சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருபவை. அந்தப் பட்டியல் ஜப்பானியத்தில் உண்டு, செக் மொழியில்கூட உண்டு, தமிழில் இல்லை. ஆச்சி எட்டாவது வரை தமிழில் படித்தவர். ஆங்கில எழுத்துகள் தெரியும், வார்த்தை படிக்க வராது. பெரிய தாளில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில், எண் போட்டு எழுதினோம். பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக இருக்காது. ஆகவே நாலு எழுத்து அடித்தால் போதும், மிச்சத்தைக் கருவியே காட்டிவிடும். அவன் வாலட்டை அழித்துவிட்டு முகப்பில் போய் உட்கார்ந்தான். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். முதல் முறை திறக்கவில்லை. ஒன்பதாவது சொல்லில் அவன் எழுதிய 'யு' எழுத்து 'வி' மாதிரி இருந்ததால், பட்டியலில் அருகில் இருந்த வேறு சொல்லைத் தொட்டிருக்கிறார். அந்த எழுத்தைத் திருத்தி எழுதினோம். இரண்டாம் முறை நாற்பது நிமிடம் ஆயிற்று. 500 ரூபாயில் கட்டணம் போக மிச்சம் திரையில் தெரிந்தது.

"இதை எங்கடா வைக்கிறது?" என்று ஆச்சி கேட்டார். ஒரு பிரதி பெட்டகத்தில், இன்னொன்று வங்கி லாக்கரில் என்று முடிவானது. மிச்சம் 1,99,500ஐ அவன் மாதம் 16,625 வீதம் பன்னிரண்டு மாதத்தில் வாங்குகிறான். ஒவ்வொரு மாதமும் தேதியையும் விலையையும் எனக்கு அனுப்புகிறான். நான் அதை ஒரு தனிப் பேரேட்டில் ஏற்றுகிறேன்.